வாய்வார்த்தையில் ஓடும் பாதையும் அதற்கென எழுதிய சட்டமும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் நடுப்பகுதியில், பழைய எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பாறை முகடு ஒன்று வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் சில மைல் தூரத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஒன்பது ஆண்டுகளாகத் தன்னார்வலனாகச் செய்துவருகிறேன். ஆண்டுக்கு நான்கு முறை போய், விழுந்த கிளைகளை அறுத்து ஒதுக்குவதும், மழைநீர் மண்ணை அரித்துவிடாதபடி வடிகால்களைத் தூர்வாருவதும், மரங்களில் மங்கிப்போன நீலக் குறிகளுக்கு மறுபடியும் வண்ணம் பூசுவதும்தான் வேலை. இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட அந்தச் செவ்வகக் குறிகளை நம்பியே புதிதாக வருகிறவர்கள் காட்டுக்குள் நடக்கிறார்கள். இந்தப் பாதை நியூ இங்கிலாந்து தேசிய எழிற்பாதையின் ஒரு பகுதி. ‘தேசிய எழிற்பாதை’ என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றிக் கொடுத்த தகுதி அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரல் காலையில் வண்ண டப்பாவோடு போனபோது, பாதை ஒரு வீட்டின் பின்புறத்தைக் கடக்கும் இடத்தில் ‘தனியார் நிலம், உள்ளே வர வேண்டாம்’ என்ற பலகை மரத்தில் அறையப்பட்டிருந்தது. அந்த நிலத்தின் பழைய உரிமையாளரை எனக்குத் தெரியும். பாதையில் நடப்பவர்களைக் கண்டால் கை உயர்த்தி வணக்கம் சொல்லும் முதியவர். அவருடைய தந்தை காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதியை அவரும் மாற்றாமல் வைத்திருந்தார். அவர் இறந்ததும் வீடு கைமாறியது. புதிதாக வந்த குடும்பத்துக்குச் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் கொல்லைப்புறமாக நடந்து போவதை அவர்கள் விரும்பவில்லை. அதில் நான் குறை காண எதுவும் இல்லை, அது அவர்களுடைய நிலம். பாதையை முகட்டிலிருந்து கீழே இறக்கி, ஒன்றரை மைல் தூரம் கார்கள் ஓடும் சாலையோரமாகக் கொண்டுபோய், மீண்டும் மேலே ஏற்றும்படி மாற்ற வேண்டியதாயிற்று. முந்தைய ஆண்டு நானே பூசிய நீலக் குறிகளின்மேல் மரப்பட்டை நிறத்தைப் பூசி ஒவ்வொன்றாக மறைத்தேன். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பாதைக்காக நான் செய்த வேலைகளில் என் மனத்தை மிகவும் அழுத்தியது அதுதான்.

அன்று உடன் வந்த நண்பர் கேட்டார்: “தேசியப் பாதைன்னு சட்டமே இருக்குன்னு சொன்னீங்களே, அப்புறம் எப்படிங்க ஒருத்தர் பலகை அடிச்சு இதை மூட முடியுது?” அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. ஒரு நெடும்பாதைக்குச் சட்டத்தின் வழியாக அங்கீகாரம் தேடுவது என்றால் உண்மையில் எதைத் தேடுவது, எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை அதன் பின்னரே பொறுமையாகப் படித்தேன். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதில்.

அமெரிக்காவில் நெடும்பாதை என்ற எண்ணம் அரசிடமிருந்து வரவில்லை. 1921 அக்டோபரில் பென்டன் மெக்காய் என்ற வனவியலாளர் கட்டடக்கலைஞர்களின் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், அப்பலேச்சியன் மலைத்தொடர் நெடுகிலும் ஒரு நடைபாதை வேண்டும் என்று முன்மொழிந்தார். 1925இல் அதற்கென ஒரு மாநாடு கூடி அமைப்பாக உருவெடுத்தது. மைரன் ஏவரி போன்றவர்களின் விடாப்பிடியான உழைப்பாலும், பெயர் தெரியாத எத்தனையோ மலையேற்றக் குழுவினரின் கைகளாலும் 1937இல் ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை பாதை முழுமையடைந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி தனியார் நிலங்களின் வழியாக, கேட்டுப் பெற்ற அனுமதியின் பேரில் மட்டுமே ஓடியது. மலை முகடுகளில் வாகனச் சாலைகள் போடப்பட்டபோது பாதை நகர்ந்து கொடுத்தது. வீட்டுமனைகள் வந்தபோதும் நகர்ந்து கொடுத்தது. எங்கள் முகட்டில் ஒன்றரை மைலுக்கு நடந்தது அங்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு நடந்தது.

சட்டத்தின் துணையைத் தேடும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது. பென்சில்வேனியாவின் உறுப்பினர் டேனியல் ஹாக் 1945இல் தேசிய நடைபாதை அமைப்பு ஒன்றை உருவாக்கும்படி பிரதிநிதிகள் சபையில் முன்வைத்த மசோதா குழு நிலையைத் தாண்டவில்லை. விஸ்கான்சின் செனட்டர் கேலார்ட் நெல்சன் 1964இல் அப்பலேச்சியன் பாதையைப் பாதுகாக்க மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இயற்கை எழில் பற்றிக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், அப்பலேச்சியன் பாதையைப் போன்றவை நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் வேண்டும் என்றார். 1968 அக்டோபர் 2ஆம் நாள் தேசியப் பாதைகள் அமைப்புச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். அப்பலேச்சியன் பாதையும் பசிபிக் முகட்டுப் பாதையும் முதல் இரண்டு தேசிய எழிற்பாதைகளாயின. மேலும் 14 வழிகளை ஆய்வு செய்யும்படியும் அந்தச் சட்டம் பணித்தது. மெக்காய்க்கு அப்போது 89 வயது. கட்டுரை எழுதி 47 ஆண்டுகள் கழித்து அவர் அதைக் கண்ணால் கண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அந்தச் சட்டம் பாதைகளைத் தரம் பிரிக்கிறது. ‘தேசியப் பொழுதுபோக்குப் பாதை’ என்ற தகுதியை, பொது நிலங்களையும் பூங்காக்களையும் கவனிக்கும் உள்துறையின் அமைச்சரோ வேளாண்துறை அமைச்சரோ தம் கையெழுத்தால் கொடுத்துவிடலாம். எழிற்பாதையும், 1978இல் சேர்க்கப்பட்ட வரலாற்றுப் பாதையும் அப்படியல்ல. அவற்றைக் காங்கிரஸ் மட்டுமே சட்டத்தால் அறிவிக்க முடியும். எழிற்பாதைக்குக் குறைந்தது நூறு மைல் நீளம் வேண்டும், பொதுமக்களின் மோட்டார் வாகனங்களுக்கு அதில் இடமில்லை. 1968 முதல் இதுவரை இந்தத் தகுதி பெற்றவை 11 பாதைகள்தாம்.

வழக்கமாக இதற்கு இரண்டு சட்டங்கள் தேவைப்படுகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. முதல் சட்டம் பாதையை அறிவிக்காது. சாத்தியக்கூறு ஆய்வு ஒன்றை நடத்தும்படி அமைச்சரைப் பணிக்கும், அவ்வளவுதான். வழி எங்கெல்லாம் போகிறது, நிலம் யார் கையில் இருக்கிறது, இன்று அது எதற்குப் பயன்படுகிறது, வாங்க வேண்டுமானால் என்ன செலவாகும், எந்தத் துறை நிர்வகிக்கும், மாநிலங்களும் உள்ளூர் அமைப்புகளும் எவ்வளவு தோள் கொடுக்கும் என்பதையெல்லாம் அந்த ஆய்வு சொல்ல வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தருவது ஒரு காரியம், அதற்கான பணத்தை நிதிநிலை அறிக்கையில் ஒதுக்குவது வேறொரு காரியம். அறிக்கை சாதகமாக வந்தால் இரண்டாவது மசோதாவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தேர்தல் சுழற்சிக்குள் இது முடிந்துவிடும் என்று எண்ணிக் களத்தில் இறங்குகிறவர்கள் சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

அறிக்கை பாதகமாகவும் வரலாம். ராக்கி மலைகளிலிருந்து பசிபிக் கடற்கரை வரை ஏறத்தாழ 1,200 மைல் செல்லும் பசிபிக் வடமேற்குப் பாதையை 1970இல் ரான் ஸ்ட்ரிக்லண்ட் என்பவர் கற்பனை செய்தார். 1980இல் வெளிவந்த அரசு ஆய்வு அந்தப் பாதை சாத்தியமும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை என்று எழுதிவிட்டது. அரசே வேண்டாம் என்ற பிறகும் அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் வழியைத் தேடித் தேடி இணைத்தார்கள், வழிகாட்டி நூல் எழுதினார்கள், ஆட்களை நடக்க வைத்தார்கள். 29 ஆண்டுகளுக்குப் பின் அதே பாதை தேசிய எழிற்பாதை ஆனது. டெலவேர் கடற்கரையிலிருந்து கலிபோர்னியா வரை குறுக்காக 6,800 மைல் செல்லும் அமெரிக்கன் டிஸ்கவரி பாதையின் கதை வேறு விதமானது. 1992இல் அதற்கு ஆய்வு அனுமதி கிடைத்து, அறிக்கையும் வந்தது. ஆனால் அந்தப் பாதை பல இடங்களில் ஊர்களுக்குள்ளும் சாலையோரமாகவும் செல்வதால் எழிற்பாதை என்ற வரையறைக்குள் அடங்கவில்லை. எனவே அதன் ஆதரவாளர்கள் சட்டத்தில் புதிய வகை ஒன்றையே கேட்டார்கள். காங்கிரசின் பல பதவிக்காலங்களில் மசோதா முன்வைக்கப்பட்டும் அந்த வகை இன்னும் பிறக்கவில்லை. கேட்பது சட்டத்தின் எந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்பதை முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் நேரும் தாமதம் இது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஊர்களின் வழியாக நடப்பதும் நாட்டின் வழியாக நடப்பதுதானே.

இனி எங்கள் பாதைக்கு வருகிறேன். மட்டாபெசெட், மெட்டகாமெட், மொனாட்நாக் என்று பெயர் கொண்ட பழைய பாதைகளின் தொடர் அது. கனெக்டிகட்டில் 1895இல் தோன்றிய வனம் மற்றும் பூங்கா சங்கம் 1929இல் நீலக் குறிப் பாதைகளை அமைக்கத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் பகுதியை அப்பலேச்சியன் மலைச் சங்கத்தின் தன்னார்வலர்கள் வெள்ளைக் குறிகளோடு பராமரித்தார்கள். 2002இல் ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் தேசியப் பூங்காத் துறை பாதை செல்லும் ஊர்களில் கூட்டங்கள் நடத்தி, நில உரிமையாளர்களின் அச்சங்களைக் கேட்டுப் பதிவு செய்தது. அச்சம் ஒன்றுதான்: கூட்டாட்சி அரசு வந்து நிலத்தைக் கையகப்படுத்துமா?

அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1968 சட்டம் அப்பலேச்சியன் பாதைக்கு நிலம் சேர்க்க அதிகாரம் கொடுத்தும் பத்தாண்டுகளில் வேலை மெதுவாகவே நடந்ததால், 1978இல் சட்டத்தைத் திருத்தி 9 கோடி டாலர் வரை செலவிட அனுமதித்தார்கள். அதன் பலனாக இன்று அந்தப் பாதையின் 99 சதவீதத்துக்கு மேல் பொது நிலத்திலோ பாதுகாக்கப்பட்ட வழித்தடத்திலோ இருக்கிறது. அது மாபெரும் சாதனை. ஆனால் அதில் சில துண்டுகள் உரிமையாளரின் விருப்பமின்றி எடுக்கப்பட்டவை. அந்தக் கசப்பு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. 1980இல் அமெரிக்காவின் வட மாநிலங்களின் வழியே செல்லும் வடநாட்டுப் பாதையையும் விஸ்கான்சினின் பனியுகப் பாதையையும் அறிவித்தபோது, கூட்டாட்சி அரசு நிர்வகிக்கும் பகுதிகளின் எல்லைக்கு வெளியே அவற்றுக்காக நிலம் வாங்கவே கூடாது என்று காங்கிரஸ் கையைக் கட்டிவிட்டது. விற்கத் தயாராக இருப்பவரிடம்கூடப் பாதையை நிர்வகிக்கும் துறை வாங்க முடியாத நிலை. 2009இல்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. விரும்பி விற்பவரிடம் வாங்கலாம் என்ற அதிகாரம் அப்போதுதான் வந்தது. ஒரு மசோதாவில் ‘தேசிய’ என்ற சொல்லுக்காகப் பாடுபடுகிறவர்கள், நிலம் பற்றிய இந்தச் சிறு உட்பிரிவின்மேல் அதைவிட அதிகக் கவனம் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடும். அந்த உட்பிரிவை மாற்ற 29 ஆண்டுகள் ஆயின.

நியூ இங்கிலாந்தில் ஆய்வு எட்டிய முடிவு இரு பக்கத்து அனுபவங்களையும் கணக்கில் கொண்டது. பாதைக்குத் தேசியத் தகுதி வேண்டும், ஆனால் அரசு நில உரிமையாளராக வரக்கூடாது, மாநிலங்களும் தன்னார்வ அமைப்புகளும் உள்ளூர் மக்களுமே பாதையைப் பராமரிக்க வேண்டும், பூங்காத் துறை பணத்தாலும் திட்டமிடுதலாலும் துணை நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்த உறுதி இல்லாமல் பாதை ஓடும் 41 ஊர்களின் சம்மதத்தைப் பெற்றிருக்க முடியாது.

மசோதா நிறைவேறிய விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பாதைக்கான தனி மசோதாவுக்கு அவையில் விவாத நேரம் கிடைப்பது அரிது. ஆகவே நிலம், நீர், வனம், பாதை தொடர்பான 160க்கும் மேற்பட்ட மசோதாக்களை ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். அரிசோனாவில் 1985இல் பள்ளி ஆசிரியர் டேல் ஷீவால்டர் மெக்சிகோ எல்லையிலிருந்து யூட்டா எல்லை வரை நடந்து பார்த்துத் தொடங்கிய அரிசோனா பாதையும், பசிபிக் வடமேற்குப் பாதையும், எங்கள் பாதையும் அந்த ஒரே மூட்டைக்குள் இருந்தன. 2009 மார்ச் 11ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. விதிகளைத் தளர்த்தி விரைவாக நிறைவேற்றும் நடைமுறை என்பதால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆதரவாக 282, எதிராக 144. இரண்டே வாக்குகளில் மசோதா வீழ்ந்தது. செனட் அதே உள்ளடக்கத்தை வேறொரு மசோதாவோடு இணைத்து 77க்கு 20 என்று நிறைவேற்றி அனுப்ப, மார்ச் 25இல் சாதாரணப் பெரும்பான்மையே போதுமென்ற நடைமுறையில் 285க்கு 140 என்று சபை ஏற்றது. மார்ச் 30இல் குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்டார். பல பத்தாண்டு உழைப்பு அந்த இரண்டு வாரங்களில் ஒரு நூலிழையில் தொங்கியது. ஷீவால்டர் அதற்கு அடுத்த ஆண்டு சனவரியில் காலமானார்; தம் பாதை தேசியப் பாதையானதை அவர் அறிந்தே போனார்.

கையெழுத்தான பிறகு என்ன மாறியது? எங்கள் பகுதியில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் தெற்கு முனைதான். முன்பு கடலைத் தொடாத பாதை, மெனன்காட்டக் என்ற புதிய இணைப்பின் வழியாக கில்ஃபோர்ட் ஊரில் ‘லாங் ஐலண்ட் சவுண்ட்’ என்ற கடற்பகுதியின் கரை வரை நீண்டது. பாலங்களுக்கும் வரைபடங்களுக்கும் பணம் வந்தது. பாதைக்கென்றே சம்பளம் பெறும் சிலர் வந்தார்கள். ஆயினும் தகுதி முழுமையாக வரவில்லை. அப்பலேச்சியன் பாதை தேசியப் பூங்கா அமைப்பின் ஓர் அலகாகவே கருதப்பட, எங்கள் பாதையும் பனியுகப் பாதையும் வடநாட்டுப் பாதையும் அந்தக் கணக்கில் சேராமல் வாசலிலேயே நின்றன. அந்த நிலையை மாற்றக் கோரி நானும் என் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினேன். 2023 டிசம்பரில் மூன்றும் அலகுகளாக ஏற்கப்பட்டன.

நண்பரின் கேள்விக்கு நேரான பதில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவில் அப்பலேச்சியன் பாதைக்குச் சுமார் 600 அடி கீழே எரிவாயுக் குழாய் ஒன்றைக் கொண்டுபோக வனத்துறை அனுமதித்தது. பாதை தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருப்பதால் அடியிலுள்ள நிலமும் அத்துறைக்கே உரியது, அப்படியானால் வனத்துறைக்கு அனுமதி தரும் அதிகாரமில்லை என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். 2020 ஜூன் 15இல் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்கவில்லை. பூங்காத் துறைக்குக் கிடைத்திருப்பது வழியுரிமை மட்டுமே, நிலம் வனத்துறையிடமே இருக்கிறது என்றது தீர்ப்பு. நம் பத்திரங்களில் ‘பாதைப் பாத்தியம்’ என்று எழுதுகிறார்களே, ஏறத்தாழ அதுதான். அந்தக் குழாய்த் திட்டத்தை அதற்கு அடுத்த மாதமே அதன் நிறுவனங்கள் கைவிட்டன; தீர்ப்பு நிலைத்துவிட்டது. தீர்ப்பைப் படித்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தபோது, பாதை என்றால் என்ன என்பதை அது துல்லியமாகச் சொல்லியிருப்பதாகப் பட்டது. பாதை நிலமல்ல, நிலத்தின்மேல் நடந்துபோக இருக்கும் உரிமை. நாட்டின் மிகப் பழைய தேசிய எழிற்பாதைக்கே நிலை அதுவென்றால், பாத்தியம்கூட எழுதப்படாமல் வாய்வார்த்தையில் ஓடும் எங்கள் ஒன்றரை மைலுக்குச் சட்டம் சுவராக நிற்கும் என்று எதிர்பார்த்தது என் பிழை.

அப்படியானால் சட்டம் எதற்கு? என் அனுபவத்தில் கிடைத்த விடை இது: நிலம் கைமாறும்போது மறுபடியும் போய்க் கேட்பதற்குப் பொறுப்பான ஓர் ஆளைச் சட்டம் ஏற்படுத்துகிறது. சட்டம் வருவதற்கு முன்னால், ஓர் உரிமையாளர் இறந்தால் அந்த அனுமதி அவரோடும், அனுமதி கேட்ட தன்னார்வலரின் நினைவோடும் போய்விடும். இப்போது எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது, எது எழுத்தில் இருக்கிறது, எது வாய்வார்த்தையில் இருக்கிறது என்ற பதிவு இருக்கிறது. புதியவர்களைச் சந்தித்துப் பேச ஆள் இருக்கிறார்கள். கட்டணமின்றிப் பொதுமக்களை நடக்க விடுகிறவருக்கு, நடப்பவர் தவறி விழுந்தால் வழக்குச் சுமை வராமல் காக்கும் மாநிலச் சட்டம் உண்டு என்பதை எடுத்துச் சொல்லவும், விரும்பினால் பாத்தியத்தைப் பதிவு செய்து கொடுக்கவும் வழி இருக்கிறது.

மசோதாவில் விடுபட்ட சொல்லுக்கு என்ன விலை என்பதையும் இதே பாதையில் பார்க்கலாம். ஆய்வுச் சட்டம் மாசசூசெட்ஸ், கனெக்டிகட் இரண்டையும் மட்டுமே குறிப்பிட்டது. அதனால் தேசிய எழிற்பாதை ராயல்ஸ்டன் அருவிக்கு அருகில் மாநில எல்லையோடு முடிகிறது. பழைய பாதைக்குப் பெயர் கொடுத்த மொனாட்நாக் மலையோ அதற்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயரில் நிற்கிறது. சென்ற இலையுதிர்காலத்தில் அந்த எல்லை வரை நடந்தேன். எல்லையின் இருபுறமும் மரங்களில் ஒரே வெள்ளைக் குறிகள். வடநாட்டுப் பாதையின் கிழக்கு முனையை வெர்மான்ட் வரை நீட்டி அப்பலேச்சியன் பாதையோடு இணைக்க, 1980 சட்டத்தில் இருந்த 3,200 மைல் என்ற எண்ணை 4,600 என்று திருத்தும் வேறொரு சட்டம் 2019இல் தேவைப்பட்டது. புதிதாக இந்த முயற்சியில் இறங்குகிறவர்களிடம் நான் சொல்வதெல்லாம், முதல் ஆய்வு மசோதாவின் வழி விவரத்தை எழுதும் நாளில் அந்த நிலத்தை நடந்து தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்பதுதான்.

பலகை மாட்டப்பட்ட வீட்டுக்குப் பாதையின் அலுவலர் ஒருவரும் நானும் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். இந்த ஆகஸ்டில் வீட்டம்மா வரைபடத்தை வாங்கி மேசைமேல் விரித்துப் பார்த்தார். வீட்டிலிருந்து விலகி, நிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய கற்சுவருக்கு அப்பால் பாதை போனால் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து அது தெரியுமா என்று கேட்டார். மரங்களில் இலை இருக்கும்வரை யாராலும் அதைச் சொல்ல முடியாது. இலை உதிர்ந்ததும் டிசம்பரில் வாருங்கள், சேர்ந்து நடந்து பார்ப்போம் என்றார். அளவு நாடாவையும், மரங்களில் கட்டி அடையாளம் வைக்க ஆரஞ்சு நிறத் துணி நாடாவையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். நீல வண்ண டப்பாவை அன்றைக்கு எடுத்துப் போகப் போவதில்லை.